புதுப்பிப்பு: வங்கி இருப்பு ஏறியும் சங்கம் செலவுக்குத் திண்டாடியது ஏன்?

எங்கள் சிறிய சேவைச் சங்கத்தின் வங்கி இருப்பு ஆண்டுதோறும் கூடியும் அன்றாடச் செலவுக்குப் பணம் போதாதது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். 5 ஆண்டுப் பேரேடுகளை வரிசையாக விரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: இருப்பின் பெரும்பகுதி, கல்வி உதவிக்கு மட்டும் என்று நன்கொடையாளர்கள் குறிப்பிட்டுக் கொடுத்த தொகை, அதை வாடகைக்கோ தபால் செலவுக்கோ தொட முடியாது. போதாக்குறைக்கு, முன்கூட்டியே வந்த அடுத்த ஆண்டுச் சந்தாவையும் நடப்பு வரவாகவே எழுதிவந்திருக்கிறோம் (அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது). இரண்டையும் கழித்தால், அன்றாடச் செலவுக்கான பொதுநிதி மூன்றாம் ஆண்டிலிருந்தே தேய்ந்துவந்திருப்பது தெரிகிறது. இப்போது கல்வி நிதிக்குத் தனிக் கணக்கு தொடங்கி, முன்பணச் சந்தாவை இருப்புநிலைக் குறிப்பில் (சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையில்) வரவாக அல்லாமல் கடன்பொறுப்பாகக் காட்டுகிறோம். சந்தா உயர்வு மட்டும் அடுத்த பொதுக்குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கிறது.