சிங்கப்பூரில் கட்டிய வரியைத் திரும்ப வாங்காமல் வரலாமா?

பாளைக்காரன்:
போன மாதம் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போய் வந்தோம். என் மனைவி வீட்டில் ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பாள், அதனால் அங்கே ஒரு தையல் மெஷின் வாங்கினோம், 545 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அதில் ஜிஎஸ்டி மட்டும் 45 வெள்ளி, நம் காசுக்கு 3,000 ரூபாய் பக்கம். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்து, கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவும் பண்ணியாயிற்று. சாங்கி விமான நிலையத்தில் முதல் வேலையாகப் பெட்டிகளைப் போட்டுவிட்டு, இமிக்ரேஷனெல்லாம் முடித்து, உள்ளே இருக்கும் கியோஸ்க் மெஷினில் நிதானமாகப் பாஸ்போர்ட்டை வைத்தால், பொருளைச் சுங்கத்தில் காட்டு என்று வருகிறது. பெட்டிதான் பெல்ட்டில் போய்விட்டதே! லக்கேஜில் போடும் பொருள் என்றால் செக்-இன்னுக்கு முன்பே வெளியே இருக்கும் கியோஸ்க்கில் முடித்துவிட வேண்டுமாம், கையில் கொண்டுபோவதை மட்டும்தான் உள்ளே பார்க்க முடியும். கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகிறவர்கள் கவனமாக இருங்கள், அது நம் பணம்.

மேலப்பாளையம் தம்பி:
அண்ணாச்சி, உங்கள் நஷ்டம் புரிகிறது, ஆனால் 'நம் பணம்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது ஆளை இழுக்க வைத்திருக்கும் ஏற்பாடு. குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கினால்தான் வரி திரும்ப வரும் என்று விதி இருக்கிறதே, அது யாருக்காக? எங்கள் உம்மா 80 வெள்ளிக்கு எடுத்துவிட்டுக் கிளம்பினார்கள், கடைப் பையன் இன்னும் 20 வெள்ளிக்கு எடுத்தால் டாக்ஸ் திரும்ப வரும் என்றான், தைலமும் சாக்லேட்டும் கூடையில் ஏறின. 9 சதவீதம் என்கிறார்கள், ஆனால் நாம் கொடுக்கும் 100 வெள்ளிக்குள் இருக்கும் வரி 8.26தான், அதிலும் திருப்பித் தரும் கம்பெனி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லாத 20 வெள்ளியைச் செலவழித்து 8 வெள்ளிகூட முழுசாக வரவில்லை.

வண்ணார்பேட்டை அக்கா:
நான் ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவள், ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தம்பி, உம்மாவைக் கூடுதலாக வாங்க வைத்தது கடைக்காரன், வரி இல்லை. இந்த வரி ஒரு பொருளை எந்த ஊரில் பயன்படுத்துகிறோமோ அந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டியது. ஏற்றுமதிக்கு வரி இல்லை என்கிறோமே, அதே நியாயம்தான். தையல் மெஷின் பாளையங்கோட்டையில் ஓடப்போகிறது, அதற்கு சிங்கப்பூர் ஏன் வரி பிடிக்க வேண்டும்? ஹோட்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எந்தக் காசும் திரும்ப வராததும் இதனால்தான், அதை அங்கேயே அனுபவித்து முடித்துவிட்டோம். அண்ணாச்சி கேட்டது சலுகை இல்லை, அவருக்குச் சேர வேண்டிய பாக்கி.

கடையநல்லூர் ஷார்ஜாவிலிருந்து:
அக்கா சொல்வது காகிதத்தில் சரி, நடப்பு வேறு. இங்கே ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் 2018 கடைசியிலிருந்து இது இருக்கிறது, 5 சதவீத வாட் வரியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு மட்டும்தான், என்னைப் போல இங்கே வேலை பார்ப்பவனுக்குக் கிடையாது. அதனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்கள் பாஸ்போர்ட்டில் பில் போட்டு, போனை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற ஆட்களை எனக்கே தெரியும். தப்பு அது, மாட்டினால் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் கடையிலேயே வரி இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வாங்கினவர்கள் உள்ளூரிலேயே விற்றுவிட்டதால், முதலில் வரியைக் கட்டு, கிளம்பும்போது வாங்கிக்கொள் என்ற முறைக்கு 2026 நவம்பரிலிருந்து மாற்றுகிறார்கள். பிரிட்டன் 2021 ஜனவரியிலேயே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

இன்னொன்று, வெளிநாட்டில் வரி திரும்ப வந்தது என்பதற்காக நம் ஊர் சுங்கம் விட்டுவிடாது. வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான் சுங்க வரி இல்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஒரு வாரம் டூர் போனவர் சிங்கப்பூர் செராங்கூன் ரோட்டில் செயின் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் அது கிடையாது.

வண்ணார்பேட்டை அக்கா:
பிரிட்டன் நிறுத்தியதை லண்டன் கடைக்காரர்கள் இன்றைக்கும் எதிர்க்கிறார்கள். 2022 செப்டம்பரில் மறுபடி கொண்டுவருகிறோம் என்று அறிவித்து, அடுத்த மாதமே பின்வாங்கினார்கள். முடிந்துபோன விஷயம் என்று சொல்லிவிட முடியாது. சரி, நம் ஊரைப் பாருங்கள். 2017 ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) சட்டத்தில் 15ஆம் பிரிவே இதற்கென்று எழுதியிருக்கிறது, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி இங்கே வாங்கிக் கொண்டுபோகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தரலாம் என்று. அந்த ஆண்டு ஜூலைக்குள் மற்ற பிரிவுகளையெல்லாம் அமலுக்குக் கொண்டுவந்தபோது அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வருகிற மலேசியாச் சொந்தங்கள் எத்தனை பேர், பட்டும் நகையும் எடுக்காமலா போகிறார்கள்? அவர்களிடம் வரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாங்கியில் 45 வெள்ளி போயிற்று என்று நாம் வருத்தப்படுகிறோம்.

பத்தமடை வாசி:
அக்கா, இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிரிவு நாளைக்கே அமலுக்கு வந்தாலும் லாபம் யாருக்கு? கம்ப்யூட்டர் பில் போடுகிற பெரிய நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி மாதிரி கிழித்து, சாயம் ஏற்றி, மாப்பிள்ளை பெண் பெயரோடு ஒரு பட்டுப்பாய் நெய்து முடிக்க நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஜிஎஸ்டி எண்ணே கிடையாது, வருடத்துக்கு 40 லட்சம் வியாபாரம் தாண்டினால்தான் பதிவு. காம்பொசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாட்டில், இருக்கிற சின்னக் கடையும் பில்லில் வரி போடக் கூடாது. பில்லில் இல்லாத வரியை யார் திருப்பித் தருவது? மலேசியாக்காரர் என்ன நினைப்பார், பெரிய கடையில் எடுத்தால் காசு திரும்ப வரும், இந்த அம்மாவிடம் எடுத்தால் வராது என்றுதானே?

வண்ணார்பேட்டை அக்கா:
பில்லில் வரியே இல்லையென்றால் அந்த அம்மாவின் விலையிலும் அவர் பிடித்த வரி இல்லை, வாங்குகிறவருக்கு நஷ்டமும் இல்லை. கூட்டுறவுச் சங்கம் பதிவு பண்ணியிருந்தால் அதன் வழியாக விற்கிற பாய்க்குப் பில் போடலாம்.

பத்தமடை வாசி:
நஷ்டம் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், காரை நிறுத்தி அரைமணி நேரத்தில் வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியுமா? 'டாக்ஸ் ரீபண்ட்' என்ற போர்டு எந்த வாசலில் தொங்குகிறதோ அங்கேதான் நுழைவார். முதலில் சங்கத்துக்கு அந்த போர்டைக் கொடுங்கள், அப்புறம் நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

பாளைக்காரன்:
பத்தமடைத் தம்பி, டிசம்பரில் மகள் மாமனார் குடும்பத்தோடு வருகிறார்கள், எல்லோரும் சிங்கப்பூர் பாஸ்போர்ட். பெயர் போட்ட பாய் இரண்டு வேண்டும். அந்த அம்மாவிடம் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும்?