நாலு வருஷ ஆர்க்கிடெக்சுரல் ஸ்டடீஸ்: எந்த செமஸ்டர்ல எந்த கோர்ஸ் எடுக்கறது?

கோவைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர், இந்த வருஷம் பன்னெண்டாவது முடிச்சேன், அமெரிக்கால இல்லினாய்ஸ்ல ஒரு யுனிவர்சிட்டில பி.எஸ். இன் ஆர்க்கிடெக்சுரல் ஸ்டடீஸ் கிடைச்சிருக்கு, ஆகஸ்ட்ல கிளம்பறேன். மொத்தம் 120 கிரெடிட் சொச்சம்னு போட்டிருக்காங்க, செமஸ்டருக்கு 15 எடுத்தா 8 செமஸ்டர் ஆகும், ஆனா அப்பா லோன் போட்டுத்தான் அனுப்பறாரு, அதனால செமஸ்டருக்கு 18 எடுத்து மூணரை வருஷத்துல முடிச்சிடலாமான்னு ஒரு கணக்கு போட்டுட்டு இருக்கேன். முதல் வருஷம் மேத்ஸ் பிசிக்ஸ் எல்லாம் தள்ளி வச்சிட்டு ஈஸியான பொது பாடங்கள முடிச்சிட்டா அந்த ஊருக்கு பழக டைம் கிடைக்கும்னு என் கசின் சொல்றான். அது சரியா? மைனர்னு துணைப்பாடம் ஒண்ணு எடுக்கணுமா, மூணாவது வருஷம் வெளிநாட்டுல ஒரு செமஸ்டர் படிக்கறது எல்லாம் தேவையா? இன்னொண்ணு, நாலு வருஷம் முடிச்சா நான் ஆர்க்கிடெக்ட்தானே? யாராச்சும் இதே வழில போயிருந்தா கொஞ்சம் சொல்லுங்க, ப்ளீஸ்.

டிரேசிங்ஷீட்

வாழ்த்துக்கள்மா. நான் திருச்சி, இதே மாதிரி நாலு வருஷ டிகிரி முடிச்சு, அப்புறம் ரெண்டு வருஷம் எம்.ஆர்க்.ங்கற மாஸ்டர்ஸ் பண்ணிட்டு இப்ப சிகாகோல வேலை பாக்கறேன். கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா மத்த பிளான் எல்லாம் அதுலதான் தொங்குது. நாலு வருஷ பி.எஸ். முடிச்சா நீ ஆர்க்கிடெக்ட் இல்ல. அமெரிக்கால இந்த படிப்புக்கு அங்கீகாரம் குடுக்கறது நாப்ங்கற போர்டு, அவங்க அங்கீகாரம் குடுக்கறது பி.ஆர்க்., எம்.ஆர்க்., டி.ஆர்க். இந்த மூணு டிகிரிக்கு மட்டும்தான். பி.ஆர்க்.னா பெரும்பாலும் அஞ்சு வருஷம். உன் டிகிரி அதுக்கு முன்படி, இதுக்கு மேல ரெண்டு வருஷம் எம்.ஆர்க். பண்ணா கணக்கு சரியாகும், அதைத்தான் நாலு ப்ளஸ் ரெண்டுன்னு சொல்லுவாங்க. அப்புறம் ஏஎக்ஸ்பின்னு 3,740 மணி நேரம் வேலை அனுபவம், ஏஆர்இன்னு ஆறு பேப்பர் எக்ஸாம், அதுக்கப்புறம்தான் லைசென்ஸ். கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி சில ஸ்டேட்ல அனுபவத்த வச்சும் போகலாம், ஆனா ஆரம்பத்துலயே அதை நம்பி பிளான் போடாத.

அப்பாகிட்ட இதை இப்பவே உக்கார வச்சு சொல்லிடு. லோன் கணக்கு நாலு வருஷத்தோட முடியற கணக்கு இல்ல.

இப்ப மூணரை வருஷ விஷயம். கிரெடிட்ட எண்ணாத, ஸ்டூடியோவ எண்ணு. ஸ்டூடியோன்னா டிசைன் பண்ணிப் பழகற வகுப்பு, அது ஒரு சங்கிலிம்மா, ஒண்ணு முடிச்சாதான் அடுத்தது, பெரும்பாலும் ஒண்ணு ஆகஸ்ட்ல ஆரம்பிக்கற ஃபால் செமஸ்டர்ல மட்டும் இருக்கும், அடுத்தது ஜனவரில ஆரம்பிக்கற ஸ்ப்ரிங்ல மட்டும் இருக்கும். நடுவுல ஒண்ணு விட்டா ஒரு வருஷம் காத்திருக்கணும். நீ 18 எடுத்தாலும் 21 எடுத்தாலும் அந்த சங்கிலி அதே வேகத்துலதான் நகரும். அதுலயும் ஸ்டூடியோன்னா பேப்பர்ல 5, 6 கிரெடிட்தான், ஆனா வாரத்துக்கு மூணு நாள் மதியம் 1 மணிக்கு உள்ள போனா கிட்டத்தட்ட 5 மணி, அதுக்கு மேல ராத்திரி வேலை. 15 கிரெடிட்ல ஒரு ஸ்டூடியோ இருந்தாலே கை நிறைஞ்சு போயிடும். எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசால இருக்கறவங்க 12 கிரெடிட்டுக்கு கீழ போகக் கூடாது, அதையும் மனசுல வச்சுக்க, தாங்கலன்னு ஒரு கோர்ஸ டிராப் பண்ணணும்னா கூட 15ல இருந்தாதான் இடம் இருக்கும்.

உன் கசின் சொன்னத மட்டும் தயவுசெஞ்சு கேக்காத. நான் அந்த தப்ப பண்ணவ. எனக்கும் அட்வைசர் பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் எடுத்துக்கலாம்னுதான் சொன்னாங்க, நானும் நிம்மதியா சரின்னுட்டேன். கட்டடம் எப்படி பாரம் தாங்குதுன்னு சொல்லித்தர்ற பாடம்தான் ஸ்ட்ரக்சர்ஸ், பிசிக்ஸ் முடிச்சாதான் ஸ்ட்ரக்சர்ஸ் 1, அது எங்க காலேஜ்ல ஃபால்ல மட்டும்தான், எனக்கு ஸ்லிப் ஆகி ஆகி ஸ்ட்ரக்சர்ஸ் 2 கடைசி வருஷத்துக்கு வந்து நின்னுச்சு. எம்.ஆர்க். அப்ளிகேஷன் கடைசி தேதி எல்லாம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரிலதான் வரும். அந்த டிசம்பர்ல என் டேபிள்ல ஒரு பக்கம் ஃபைனல் ரிவ்யூக்கு பாஸ்வுட் மாடல், கட்டிங் மேட் ஓரத்துல மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டின ஸ்ட்ரக்சர்ஸ் ஹோம்வர்க் டயகிராம், லேப்டாப்ல அப்ளிகேஷனுக்கு என் டிசைன் எல்லாம் தொகுத்து பாதி முடிச்ச போர்ட்ஃபோலியோ. மூணும் அரைகுறையாத்தான் போச்சு. எனக்கு பிடிச்ச ஸ்கூல் ரெண்டுல இடம் கிடைக்காததுக்கு இன்னிக்கும் நான் அந்த ஒரு செமஸ்டரத்தான் காரணமா சொல்லுவேன். கால்குலஸும் பிசிக்ஸும் முதல் வருஷமே முடி, பன்னெண்டாவது படிச்ச சூடு இன்னும் ஆறியிருக்காது, உனக்கு அது ஒண்ணும் பெரிய பாரமா இருக்காது.

கம்பிகட்டு

அக்கா சொன்னத அப்படியே வழிமொழியறேன். நான் ஆர்க்கிடெக்ட் இல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட்ஸோட தினமும் மல்லுக்கட்டறவன். ஸ்ட்ரக்சர்ஸ் கோர்ஸ பாஸ் பண்ணா போதும்னு எடுக்காதம்மா. நீ போறது இல்லினாய்ஸ், ஃபஸ்லுர் கான் பேரு அங்க அடிக்கடி காதுல விழும். டாக்காக்காரரு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், 1952ல இல்லினாய்ஸ்ல இருக்கற அர்பானாவுக்கு படிக்க வந்து மூணே வருஷத்துல ரெண்டு மாஸ்டர்ஸும் பிஹெச்.டி.யும் முடிச்சவர். சிகாகோல 100 மாடிக் கட்டடம் ஒண்ணு, 2018 வரைக்கும் ஜான் ஹான்காக் சென்டர்னு பேரு, வெளிப்பக்கம் பூரா பெரிய பெரிய எக்ஸ் போட்டிருக்கும், அது அலங்காரத்துக்கு இல்ல, காத்து தள்றத அதுதான் வாங்கிக்குது. வெளிச்சுவரே ஒரு குழாய் மாதிரி நிக்கறதால உள்ள நெருக்கி நெருக்கி தூண் போட வேண்டியதில்ல, இரும்பும் மிச்சம். இதை அவரும் ப்ரூஸ் கிரஹாம்ங்கற ஆர்க்கிடெக்டும் சேர்ந்து உக்காந்து பண்ணாங்க. ஒருத்தர் டிசைன் முடிச்சு இன்னொருத்தர் தலைல கட்டின வேலை இல்ல. போன உடனே ஒரு வாரக்கடைசி ரயில் பிடிச்சுப் போயி அதுக்கு கீழ நின்னு பாரு, அப்புறம் ஸ்ட்ரக்சர்ஸ் கிளாஸ்ல டயகனல் மெம்பர்னு, அதாவது அந்த சாய்வுக் கம்பத்த சொன்னா உனக்கு வேற மாதிரி கேக்கும்.

மைனர் எடுக்கறதுன்னா கன்ஸ்ட்ரக்‌ஷன் பக்கம் இல்ல அர்பன் பிளானிங் பக்கம் ஏதாவது பாரு. ஆனா அதுக்காக ஒரு செமஸ்டர் நீட்டற மாதிரி இருந்தா வேண்டாம்.

ஈரோடுபிளான்

தங்கச்சி, நான் இங்க ஊர்ல ப்ராக்டிஸ் பண்றேன், இங்க பி.ஆர்க். அஞ்சு வருஷம் படிச்சவன். ஒரே ஒரு விஷயம். திரும்பி வந்து கோயம்புத்தூர்ல ஆபீஸ் போடற எண்ணம் துளி இருந்தாலும் இப்பவே யோசிச்சுக்க. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணாதவங்க ஆர்க்கிடெக்ட்னு பேரு போட்டுக்க முடியாது. இங்க நம்ம டிகிரியே பத்து செமஸ்டர். நாலு வருஷ பி.எஸ். மட்டும் கையில வச்சிட்டு வந்து போர்டு மாட்ட முடியாது. மேல எம்.ஆர்க். வரைக்கும் போனா எப்படின்னு கவுன்சிலுக்கே மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வச்சுக்க, வாய்ச்சொல்ல நம்பாத. நல்ல படிப்புதான், போகாதன்னு சொல்லல. தெரிஞ்சு போகணும், அவ்வளவுதான்.

கோவைப்பொண்ணு

அக்கா, அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்பாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சரி ஆறு வருஷம்னே வச்சுக்கலாம், நடுவுல ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு மாஸ்டர்ஸ் போன்னு சொன்னாரு. புதுசா ஒரு பிளான் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. முதல் வருஷம் ரெண்டு செமஸ்டருக்கும் டிசைன் அடிப்படை கோர்ஸ், கால்குலஸ், பிசிக்ஸ், ஒரு ரைட்டிங் கோர்ஸ். ரெண்டாவது வருஷம் ஸ்டூடியோ, ஸ்ட்ரக்சர்ஸ் 1, கட்டிட வரலாறு, பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன். மூணாவது வருஷம் ஸ்டூடியோ, ஸ்ட்ரக்சர்ஸ் 2, என்விரான்மெண்டல் சிஸ்டம்ஸ், அதுல ஒரு செமஸ்டர் ஐரோப்பா. நாலாவது வருஷம் ஸ்டூடியோ, மிச்சம் இருக்கற பொது பாடம் எல்லாம். லேப்டாப் மேக் வாங்கலாம்னு இருக்கேன். விசாவுக்கு யுனிவர்சிட்டி அனுப்பற ஐ-20 ஃபார்ம் வந்துடுச்சு, அதுல படிப்பு பேருக்கு பக்கத்துல 04.0201னு இருக்கு, அது என்ன?

டிரேசிங்ஷீட்

பிளான் நல்லா இருக்கு. மூணு மாத்தம் சொல்றேன்.

பொது பாடத்த எல்லாம் நாலாவது வருஷத்துக்கு மொத்தமா தள்ளாத, செமஸ்டருக்கு ஒண்ணுன்னு தூவி விடு. ஸ்டூடியோ, ஸ்ட்ரக்சர்ஸ், சிஸ்டம்ஸ்னு மூணும் ஒரே நேரத்துல ஓடும்போது, படிச்சு எழுதற மாதிரி ஒரு இலக்கியமோ மானுடவியலோ இருந்தா மூச்சு விட முடியும், நல்ல கிரேடும் வரும். நாலாவது வருஷம் ஃபால்ல மட்டும் ஒரு சின்ன எலெக்டிவ் போதும், அந்த ஃபால் போர்ட்ஃபோலியோவுக்கு. நீ நடுவுல வேலைக்கு போறதுன்னாலும் அதே போர்ட்ஃபோலியோதான் வேலைக்கும் வேணும். முதல் செமஸ்டர்லேருந்தே ஒவ்வொரு ரிவ்யூ முடிஞ்ச அன்னிக்கே மாடல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்துடு, அடுத்த நாள் எடுத்துக்கலாம்னு விட்டா அது உடைஞ்சிருக்கும், இல்ல யாரோ குப்பைல போட்டிருப்பாங்க.

ஐரோப்பா போற செமஸ்டர்ல ஸ்ட்ரக்சர்ஸ் 2, என்விரான்மெண்டல் சிஸ்டம்ஸ் அங்க நடக்குதா, நடந்தா இங்க ஏத்துக்கறாங்களான்னு போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அட்வைசர்கிட்ட எழுதி வாங்கிடு. ஏத்துக்கிட்டா கண்டிப்பா போ. ஒரு கட்டடத்த சுத்தி நடந்து, படில உக்காந்து வரைஞ்சு கத்துக்கறது புத்தகத்துல வராது.

லேப்டாப் இப்ப வாங்காத. டிபார்ட்மெண்ட் அவங்களே ஒரு லிஸ்ட் தருவாங்க. டிசைன் சாஃப்ட்வேர்ல ரைனோ மேக், விண்டோஸ் ரெண்டுலயும் ஓடும், ஆனா ஆட்டோடெஸ்கோட ரெவிட் மேக்ல நேரடியா ஓடாது, விண்டோஸ்தான் வேணும். ஆட்டோடெஸ்க் சாஃப்ட்வேர் ஸ்டூடண்ட்ஸுக்கு ஃப்ரீதான், யார் கேட்டாலும் காசு குடுக்காத.

அந்த நம்பர்தான் உனக்கு இப்போதைக்கு முக்கியமான நம்பர். அது சிஐபி கோட், எந்த வகைப் படிப்புன்னு சொல்ற நம்பர். படிப்பு முடிச்சதும் ஓபிடின்னு 12 மாசம் வேலை பாக்கலாம். ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு லிஸ்ட்ல இருக்கற கோடா இருந்தா கூட 24 மாசம் நீட்டலாம். 04.0201 ஆர்க்கிடெக்சர், அது அந்த லிஸ்ட்ல இல்ல. 04.0902, ஆர்க்கிடெக்சுரல் அண்ட் பில்டிங் சயன்சஸ்னு ஒண்ணு இருக்கு, அது இருக்கு. அதனால நடுவுல ரெண்டு வருஷம் வேலைன்னு அப்பா சொன்னது இந்த கோட வச்சு ஒரு வருஷம்தான் நடக்கும். மாஸ்டர்ஸ் ஒசந்த டிகிரிங்கறதால அதுக்கு தனியா ஓபிடி கிடைக்கும், எம்.ஆர்க். தேர்ந்தெடுக்கும்போது எந்த கோட்னு முதல்ல பாத்துட்டு அப்ளை பண்ணு. படிக்கும்போது சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடிங்கற வேலை அனுமதி வேணும், ஒரு வருஷம் படிச்ச பிறகுதான் கிடைக்கும், அதை ஃபுல்டைம்ல 12 மாசம் தொட்டா ஓபிடி போயிடும், எண்ணிகிட்டே இரு.

ஆகஸ்ட் வரைக்கும் என்ன பண்றதுன்னா, உங்க வீட்ட டேப் வச்சு அளந்து பிளானும், வீட்ட மேலேருந்து கீழ வெட்டிப் பாத்த மாதிரி ஒரு செக்‌ஷனும் கையால போடு. சாஃப்ட்வேர் வேண்டாம். பென்சில், ஸ்கேல், போதும்.

கோவைப்பொண்ணு

அக்கா, ரெண்டு நாளா அளந்தேன், அம்மா டேப் மறுமுனைய பிடிச்சாங்க. பிளான் வந்துடுச்சு. செக்‌ஷன்லதான் ஒரு குழப்பம், மாடிப்படி எல்லாம் ஏழு இன்ச் ஒசரம், கடைசி படி மட்டும் எட்டேகால் வருது, மூணு தடவை அளந்துட்டேன். நான் தப்பா அளக்கறேனா?

கம்பிகட்டு

சரியாத்தான் அளந்திருக்கம்மா. மாடில பழைய தரை மேலயே பின்னாடி டைல்ஸ் ஒட்டியிருக்காங்களான்னு வீட்ல கேளு. கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒண்ணேகால் இன்ச் ஏறிடும், படியெல்லாம் பழைய படியே நிக்கும். கீழயும் ஒட்டியிருந்தா முதல் படி குட்டையாகியிருக்கணும், அதை மறுபடி அளந்து பாரு.

கோவைப்பொண்ணு

ஆமாங்கண்ணா, அக்கா கல்யாணத்தப்போ மாடிக்கு மட்டும் ஒட்டினாங்களாம். முதல் படி ஏழேதான்.