ஊக்கும் செப்புக் கம்பியும் கொண்டு செய்த மோட்டார் சுழலாமல் அதிர்வது ஏன்?

கேள்வி

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் இருவரும் வீட்டிலேயே ஒரு சிறிய மோட்டார் செய்துகொண்டிருக்கிறோம். 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல்லின் இரு முனைகளிலும் முனைக்கொரு ஊக்கை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினோம். ரீவைண்டிங் கடையில் வாங்கிய 24 கேஜ் எனாமல் கம்பியை (மின்சாரம் கடத்தாத பூச்சுள்ள செப்புக் கம்பி) அந்தச் செல்லின் மீதே 20 சுற்றுச் சுற்றி, கழற்றி, அதன் இரு நுனிகளையும் ஊக்குகளின் வளையங்களில் நுழைத்தோம். சுருளுக்கு நேர் கீழே, பழைய சிறிய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் செல்லோடு ஒட்டியிருக்கிறது. இரு நுனிகளிலும் எனாமலைப் பிளேடால் முழுவதுமாகச் சுரண்டிவிட்டோம். இணைத்தவுடன் சுருள் ஒரு துள்ளுத் துள்ளி, சற்று அதிர்ந்து, பிறகு படுத்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. விரலால் தட்டிவிட்டாலும் பயனில்லை. எங்கே தவறு செய்கிறோம்?

மறுமொழி 1

நுனிகள் இரண்டையும் முழுவதுமாகச் சுரண்டியதுதான் காரணம். மின்னோட்டம் பாயும்போது உங்கள் சுருளே ஒரு காந்தமாகிறது. அது கீழே உள்ள காந்தத்தோடு ஒத்த திசைக்குத் திரும்பியதும் அங்கேயே நிலைகொள்ள விரும்புகிறது. அதைத் தாண்டிச் சென்றாலும், இடைவிடாமல் பாயும் மின்னோட்டம் சுருளை மறுபடி பின்னோக்கி இழுக்கிறது. நீங்கள் காணும் அதிர்வு இந்த இழுபறிதான். கடையில் விற்கும் மோட்டாரில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடப் பிளவு வளையத் திசைமாற்றி உண்டு. நம்முடைய மோட்டாரில் அந்த வேலையைக் கம்பியின் மேலுள்ள எனாமலே பாதியளவு செய்கிறது: ஒரு நுனியை முழுவதுமாகவும், மற்றொரு நுனியை ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால், அரைச் சுற்றுக்கு மின்சாரம் தள்ளிவிடும், எஞ்சிய அரைச் சுற்றைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும். ஏற்கெனவே சுரண்டிய நுனி ஒன்றில் பாதிப் பக்கத்துக்கு நகப்பூச்சு பூசி, நன்றாக உலரவிட்டாலும் போதும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. புதிதாக ஒரு சுருள் சுற்றி, அதை மேசையில் தட்டையாகப் படுக்கவைத்து, ஒரு நுனியின் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டினோம். இப்போதும் அதிர்கிறதே தவிர, சுற்றவில்லை.

மறுமொழி 2

நீங்கள் பாதி சுரண்டியது சரி. சுரண்டும்போது சுருள் இருந்த நிலைதான் தவறு. காந்தம் கீழே இருப்பதால், சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் அதைத் திருப்பும் விசை மிக அதிகம். படுத்திருக்கும்போது அது சுழியாகிவிடுகிறது. ஆகவே சுருள் செங்குத்தாக நிற்கும் நிலையை நடுவாகக் கொண்ட அரைச் சுற்றில்தான் மின்சாரம் பாய வேண்டும். மேசையின் விளிம்பை ஒட்டிச் சுருளைத் தொங்கவிட்டு, அதன் தளம் செங்குத்தாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். நுனியை மேசைப் பலகையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியபடி, மேலே தெரியும் பாதியை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். எனாமலும் செம்பு நிறமாகவே இருப்பதால் கண் ஏமாறும். மங்கிய பழுப்பு போய் இளஞ்சிவப்புப் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும்.

இரு நுனிகளும் சுருளின் நடுக்கோட்டில் ஒரே நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கையால் சுழற்றும்போது ஒரு பக்கம் மட்டும் எப்போதும் கீழே வந்து நின்றால், அந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று பொருள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உங்கள் சுருளில் ஏறத்தாழ 2 மீட்டர் கம்பி இருக்கும். அதன் மின்தடை சுமார் 0.15 ஓம் மட்டுமே. சுருள் சுழலாமல் நிற்கும்போது இது ஏறக்குறைய குறுக்குச்சுற்றுதான். கம்பியும் ஊக்கும் கையைச் சுடும், செல்லும் விரைவில் தீர்ந்துபோகும். சோதனை முடிந்ததும் சுருளை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை சுற்றிவிட்டது! இலேசாகத் தட்டியதும் கண்ணுக்குச் சுருளே தெரியாத வேகத்தில் ஓடியது. மகள் இப்போது இன்னொன்று கேட்கிறாள்: செல்லே இல்லாமல், ஒரு சக்கரத்தைச் சுற்றிலும் காந்தங்களை ஒட்டியே ஓட்டுவதாகக் காணொளிகள் வருகின்றனவே, அதையும் செய்யலாமா?

மறுமொழி 1

அது நடக்காது. நிலையான காந்தங்கள் சக்கரத்தை நெருங்கும்போது எவ்வளவு இழுக்கின்றனவோ, விலகும்போது அவ்வளவே பிடித்து நிறுத்துகின்றன. ஒரு முழுச் சுற்று முடியும்போது ஈட்டிய ஆற்றல் எதுவும் மிஞ்சுவதில்லை. உராய்வு மட்டும் மிஞ்சும், அதனால் சக்கரம் நின்றுவிடும். உங்கள் மோட்டாரிலும் காந்தம் எரிபொருள் அன்று. செல்லுக்குள் கரைகிற துத்தநாகம்தான் ஆற்றலைத் தருகிறது. 1821-இல் மைக்கேல் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் ஒரு காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுழலவைத்தபோதும் அவருக்கு மின்கலம் தேவைப்பட்டது.

அதற்குப் பதிலாக, காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

திருப்பி வைத்தோம். வழக்கமான பக்கம் தட்டியபோது நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் தட்டியதும் ஓடியது. செல்லையும் திருப்பினால் பழைய பக்கமே ஓடும் என்று மகள் தானாகவே சொன்னாள். அப்படியே ஓடியது. கண்காட்சியில் இந்த மூன்று நிலைகளையும் வருவோர் கையாலேயே செய்துபார்க்கும்படி வைக்கப்போகிறாள்.