மச்சு மரத்தை இறக்கணுமா, வயரை மாத்துனா போதுமா?

வளவுக்காரன்:
வீடு திருநெல்வேலி டவுண்ல, ரத வீதிக்குப் பின்னால ஒரு வளவு (சுவரோட சுவரா ஒட்டுன வரிசை வீடு), தாத்தாவோட அப்பா கட்டுனது. போன வாரம் ராத்திரி ஒரு மணி இருக்கும், ஆச்சி எந்திரிச்சு "ரப்பர் தீயுத வாடை வருதுலே"ன்னு சத்தம் போட்டா. போய்ப் பாத்தா தார்சாவுல (வீட்டு முன்பகுதியில) நிலைக்கு மேல ஓடுத பழைய ரீப்பர் கட்டை வயரிங் (மரச்சட்டத்து மேல வயரை அடிச்சு ஓட்டுனது) ஒரு சாண் நீளத்துக்குக் கருகிக் கெடக்கு, மெயினை ஆஃப் பண்ணிட்டு தொட்டேன், வயர் மேல உள்ள துணியும் ரப்பரும் பழைய முறுக்கு மாதிரி பொடிப்பொடியா உதிருது. அதுக்கு நாலு விரக்கடை மேலதான் மச்சுப் பலகை, அதாவது மாடிக்குத் தரையா இருக்குத மரம். இப்ப சித்தப்பா மர மச்சை மொத்தமா இறக்கிட்டு கான்கிரீட் போட்ருவோம்ங்கார், அப்பா ஒரு ஆணி அடிக்க விடமாட்டேங்கார். எனக்கு மச்சும் வேணும் ஆச்சியும் வேணும்.

பாளை சிவில்:
சித்தப்பா சொல்லுததுதான் சரி தம்பி. மச்சுக்குப் போறது செங்குத்தான மரப்படி ஒண்ணே ஒண்ணு, சன்னல் பூரா கம்பி, கீழ தீப்பிடிச்சா மேல படுத்திருக்கவங்க எந்த வழியா வருவாவ? மரத்தை எடுத்துட்டு கான்கிரீட் போடுங்க, செலவு தாங்காதுன்னா இரும்பு கர்டராவது போடுங்க. வீட்டு அழகு மனுச உயிருக்கு அப்புறந்தான்.

ஆசாரி வீட்டுப் பேரன்:
கர்டர்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. மேல்பூச்சு இல்லாத இரும்பு 550 டிகிரி சூட்டுலயே பாதி பலத்தை விட்ரும், வளைஞ்சு சுவரையும் தள்ளும். கனமான உத்திரம் நிமிஷத்துக்கு அரையிலேர்ந்து முக்கா மில்லிமீட்டர் வரைக்குந்தான் கரியும், மேல கட்டுத கரியே உள்மரத்துக்குக் கவசம் மாதிரி. அரை மணி நேரம் எரிஞ்சாலும் ஒரு பக்கத்துல இருபது இருபத்தி ரெண்டு மில்லிமீட்டர்தான் போகும், ஆறு இஞ்ச் உத்திரம் நிக்கும். மதுரை மீனாட்சி கோயில்ல 2018 பிப்ரவரி 2ம் தேதி வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதே, அங்க தூணும் கூரையும் கல்லுதான், கடைச் சாமான் எரிஞ்ச சூட்டுல கல்லே வெடிச்சு கூரை சரிஞ்சுது. உள்ள என்ன அடைச்சு வச்சிருக்கோம்ங்கதைத்தான் மொதல்ல பாக்கணும்.

பாளை சிவில்:
உத்திரம் நிக்கும், சரி. ஒரு இஞ்ச் பலகை நிக்குமா? அது ஓட்டையானா தீ நேரா மேல. அதுக்கு முன்னாலயே புகை ஆளை மயக்கிப் போட்ரும், அந்த நேரத்துல உத்திரத்தோட பலத்தை வச்சு என்ன செய்ய? இன்னொண்ணு, வளவு வீட்டுல ஓட்டுக் கூரைக்கு அடியில நடுச்சுவர் உச்சி வரைக்கும் போகாம பாதியில நிக்கும், ஒரு வீட்டுத் தீ அடுத்த நாலு வீட்டுக்கும் போயிரும்.

தட்டட்டி அக்கா:
நான் இப்படிப்பட்ட வீட்டுலதான் இருபது வருசமா குடியிருக்கேன், எங்க வீட்டுலயும் பயம் உண்டு, ஆனா இடிக்கணும்னு ஒருநாளும் தோணல. அந்தக் காலத்துல அடுக்களையைக் கடைசிக் கட்டுல தள்ளி வச்சாவ, நடுவுல வானவெளி விட்டாவ, விளக்குக்குச் சுவர்லயே மாடம் வச்சாவ, எல்லாம் தீயையும் மனசுல வச்சுத்தான். பின்னால வந்தது நாம. சிலிண்டரை அரங்கு வீட்டு (உள்ளறை) வாசல்ல வச்சோம், கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையிலயே தங்கும்னு யோசிக்கல. இன்வெர்ட்டரை மரப்படிக்கு அடியில வச்சோம், இப்ப ஸ்கூட்டருக்கும் ராத்திரி பூரா தார்சாவுல சார்ஜ். மச்சுல பழைய மெத்தை, பேப்பர், கல்யாணத் தட்டுப்பெட்டி. எங்க வீட்டுல அதை இறக்கி முடிக்க ரெண்டு நாளாச்சு, அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

வயர்மேன் மக்கா:
கடைசில நம்ம வேலைக்கு வந்தாச்சு. வளவுக்காரரே, அந்த ரீப்பர் வயரிங்கை இன்னைக்கே துண்டிச்சிருங்க, ஒட்டுப் போட்டு ஓட்டாதீங்க. பழைய ஃபியூஸ் கட்டையில தடிச்ச கம்பி சுத்தியிருந்தா வயர் உருகுத வரைக்கும் ஃபியூஸ் போகாது, எம்சிபி (கரண்ட் கூடுதலா ஓடுனா தானா விழுத சுவிட்ச்) போட்டு கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா விழுத சுவிட்ச்) போடுங்க. சுவரைத் தோண்ட வேண்டாம், சுவரும் மச்சும் சேருத மூலையில பைப் ஓட்டி அதுக்கும் சுண்ணாம்பு நிறம் அடிச்சா கண்ணுல படாது. உத்திரத்துல மட்டும் துளை போடக்கூடாது. பேட்டரில ஓடுத புகை அலாரத்துக்கு வயரே தேவையில்லை, தார்சாவுல ஒண்ணு, மச்சுல ஒண்ணு, ரெண்டும் ஒண்ணா அலறுத மாதிரி வாங்குங்க.

ஆசாரி வீட்டுப் பேரன்:
தீயில உப்பி நுரைக்கிற பெயின்ட் பலகைக்கு உண்டு. ஆனா வருசா வருசம் எண்ணெயும் வார்னிஷும் ஏறுன மரத்துல அது ஒட்டாது, சுரண்டணும். கீழ்ப்பக்கம் சுரண்டுனா அந்தக் கருப்புப் பளபளப்பு போயிரும். அதனால மேல்பக்கம் மட்டும் செங்கலும் சுண்ணாம்பும் ஒரு தட்டு போடலாம், உத்திரம் அந்த எடையைத் தாங்குமான்னு பாத்துட்டு.

பாளை சிவில்:
அலாரம், வயர், மேல ஒரு தட்டு, அது வரைக்கும் ஒத்துக்கிடுதேன். ஆனா நடுச்சுவரை ஓட்டுக்கு அடி வரைக்கும் செங்கல் வச்சு ஏத்தணும், மச்சு சன்னல்ல ஒரு கம்பியை உள்ளேர்ந்து திறக்குத மாதிரி மாத்தணும். இந்த ரெண்டும் இல்லாட்டி என் பேச்சுல மாத்தமில்லை.

வளவுக்காரன்:
கம்பிக்கு அப்பா ஒத்துக்கிட மாட்டார்னு நெனச்சேன், ஆச்சியே "நான் மேல படுக்கேன், எனக்குத் திறக்கணும்"னுட்டா, அப்பா வாயே திறக்கல. இப்போதைக்கு ஆச்சி கட்டிலைக் கீழ பட்டாசலுக்கு (கூடத்துக்கு) இறக்கியாச்சு. ஞாயித்துக்கிழமை வயர்மேன் வாராவ. நடுச்சுவர் பாதி அடுத்த வீட்டுக்காரவுகளுக்குச் சொந்தம், நாளைக்கு அவுககிட்ட பேசுதேன்.