ஞாயிற்றுக்கிழமைக்குள் பம்பர் கறுப்பாக வேண்டும்

குழு: நம்ம குடும்பம்

பெரிய மாமா: ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா காரை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறார்கள். எல்லோருக்கும் தகவலுக்காக.

பெரிய மாமா: [படம்]

பெரிய மாமா: பம்பர், கதவுப் பட்டை எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. போன வாரம் பார்த்தபோது கறுப்பாகத்தானே இருந்தது?

சித்தி: போன வாரம் மழையில் நனைந்திருந்தது அண்ணா.

பாபு: சுடுகாற்று ஊதுகிற ஹீட் கன் இருந்தால் அரை மணி நேர வேலைப்பா. சூடு காட்டக் காட்டக் கறுப்பாகிவிடும். வீடியோ பார்த்தேன்.

சின்ன மாமா: பாபு, தொடாதே.

சின்ன மாமா: [குரல் பதிவு 4:10]

அம்மா: எழுதுடா. இங்கே ஒரே சத்தம்.

சின்ன மாமா: சரி அக்கா. அந்தப் பட்டைகளுக்குப் பெயின்ட் கிடையாது. பிளாஸ்டிக்கிலேயே கறுப்பைக் கலந்து வார்த்தது. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகின்றன. வெளிச்சம் அந்த வெடிப்புகளில் பட்டுச் சிதறுவதால் சாம்பல் நிறம் தெரிகிறது. தண்ணீர் பட்டால் வெடிப்பு நிரம்பிக் கறுப்பாகத் தெரியும், காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். எண்ணெய் பூசினாலும் இதேதான், கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

செல்வி: படத்தில் சாம்பல் தவிர வெள்ளைத் திட்டும் இருக்கிறதே மாமா?

சின்ன மாமா: அது வெயில் வேலை இல்லை செல்வி. பாடிக்கு வாக்ஸ் போடும்போது பட்டை மேலும் இழுத்திருக்கிறார்கள். சொரசொரப்புக்குள் புகுந்து காய்ந்துவிட்டது.

பெரிய மாமா: யார் இழுத்தது?

சித்தி: பாபுதான் ஒருநாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பாபு: சின்ன அத்தை 🙏

அம்மா: இரண்டாவது சாவி எங்கே? வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பெரிய மாமா: சின்னவனிடம்.

சின்ன மாமா: என்னிடம் இல்லை. போன தடவையே சொன்னேன்.

சித்தி: அண்ணி பீரோவில் வைத்ததாக ஞாபகம்.

பெரிய மாமா: எந்த அண்ணி?

அம்மா: அண்ணிகளை விடுங்கள். அவரவர் வீட்டில் தேடுங்கள்.

பாபு: சித்தப்பா, ஹீட் கன் ஏன் கூடாது?

சின்ன மாமா: பின் பம்பருக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பார். அச்சில் வார்த்த எழுத்து இருக்கும். அதைப் போடு.

பாபு: [படம்] >பிபி+இபிடிஎம்-டிடி20<

சின்ன மாமா: பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். இபிடிஎம் ரப்பர் வகை, இடித்தால் உடையாமல் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்ப்பது. டிடி20 என்றால் எடையில் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்ற கனிமத் தூள். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும். ஹீட் கன் காற்று 500 டிகிரியைத் தொடும். கை கொஞ்சம் நின்றுவிட்டால் அந்த இடத்தில் சொரசொரப்பு உருகி வழவழவென்று தழும்பு விழும். தழும்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. பக்கத்தில் பெயின்ட் வேறு இருக்கிறது. சரியாகவே செய்தாலும் அரிபட்ட தோல் உருகி மூடிக்கொள்ளும், வெயிலுக்கு எந்தக் காப்பும் சேராது. திரும்ப வெளுக்கும்.

பெரிய மாமா: மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அப்பா அப்படித்தான் செய்வார்.

சின்ன மாமா: வேண்டாம் அண்ணா. ரப்பர் கலந்த பிளாஸ்டிக் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். கதவு ரப்பரில் பட்டால் அதுவும் ஊதிவிடும். துடைத்த அன்று மின்னும், மறுநாள் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும்.

பெரிய மாமா: நான் சொல்வது என்றைக்கு உனக்குச் சரியாகப் பட்டிருக்கிறது.

அம்மா: ஆரம்பித்துவிட்டீர்களா.

செல்வி: ஷூ பாலிஷ்?

சின்ன மாமா: மழை வந்தால் கதவு முழுக்கக் கறுப்புக் கோடு. இறங்குகிறவர் துணியிலும்.

அம்மா: என்ன செய்யக் கூடாது என்று போதும். என்ன செய்வது, அதைச் சொல்.

சின்ன மாமா: முக்கால்வாசி வேலை கழுவுவதில்தான் அக்கா. வண்டியை நிழலில் விட்டு, பிளாஸ்டிக் தொட்டால் சுடாத நேரத்தில் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் ஆல் பர்ப்பஸ் கிளீனரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து, மெத்தென்ற பிரஷால் எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும். முதல் நுரை பழுப்பாக இறங்கும். நுரை வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. இங்கே அவசரப்பட்டால் மேலே எவ்வளவு நல்லதைப் போட்டாலும் அழுக்கின் மேல்தான் உட்காரும். வெள்ளைத் திட்டு பிடிவாதமாக இருந்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தால் வந்துவிடும். கழுவியபின் பட்டை இடுக்கிலும் சைடு கண்ணாடி அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். நன்றாகக் காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, பிசுக்கு போக. பிறகு பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப். அதற்கப்புறம்தான் டிரிம் கோட்டிங், அதாவது இந்தப் பிளாஸ்டிக் பட்டை மேல் பூசுகிற காப்புப் பூச்சு. நாலைந்து சொட்டு ஸ்பாஞ்சில் விட்டு ஒரு சாண் அளவு தேய்த்து, மிச்சத்தை உடனே மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். விட்டால் திட்டாகக் காயும், அதை எடுப்பது பெரும்பாடு. கோட்டிங் இறுக ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. அதனால் சனிக்கிழமை காலைக்குள் முடித்தால்தான் ஞாயிறு.

அம்மா: நான் படித்துவிட்டேன். பாபு?

பாபு: படித்தேன் அத்தை. டேஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரே வீட்டிலேயே இருக்கிறதே, அது போதாதா?

சின்ன மாமா: அது சிலிக்கான் எண்ணெய். கெடுதல் இல்லை, ஆனால் நாலு தடவை கழுவினால் போய்விடும். டயர் பட்டையிலோ பிரேக்கிலோ பெடலிலோ பட்டால் வழுக்கும், அது ஆபத்து. அண்ணா, கதவுக் கீறலுக்குப் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னீர்களே, எப்போது?

பெரிய மாமா: வெள்ளிக்கிழமை. டிங்கரிங் ஆளிடம் சொல்லியாயிற்று.

சின்ன மாமா: அப்படியென்றால் அந்த ஸ்ப்ரேயை யாரும் வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துளி சிலிக்கான் பட்டிருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக் குழி குழியாக நிற்கும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை அடித்த பெயின்ட் மேல் சனிக்கிழமை டேப் ஒட்டினால் பெயின்டும் கூடவே உரிந்து வரும். அந்தக் கதவை மட்டும் விட்டுவிட வேண்டியதுதான்.

பெரிய மாமா: மூன்று கதவு கறுப்பு, ஒரு கதவு சாம்பலா?

சின்ன மாமா: இல்லையென்றால் பெயின்டைத் தள்ளிப் போடுங்கள். கீறல் இருக்கிறது என்று சொல்லியே காட்டலாம்.

சித்தி: அந்தக் கீறல் யார் போட்டது என்பதே இன்னும் முடிவாகவில்லை.

பாபு: சின்ன அத்தை, அது பேசி முடித்த விஷயம்.

சித்தி: நீ முடித்தாய். நாங்கள் முடிக்கவில்லை.

செல்வி: வைப்பருக்குக் கீழே இருப்பதும் இடது பக்கமும்தான் ரொம்ப மோசம். வலது பக்கம் பரவாயில்லை.

சின்ன மாமா: வைப்பர் அடி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது, நாள் முழுக்க வெயில் வாங்கும். இடது பக்கம் மேற்கு வெயில். போர்டிகோவில் அண்ணன் வண்டி, அப்பா வண்டி வெளியே.

பெரிய மாமா: அப்பாவே சொல்லித்தான் உள்ளே விட்டேன்.

அம்மா: "பரவாயில்லை" என்றார் அண்ணா. அது வேறு.

பெரிய மாமா: சரி, இதையும் என் தலையில் போடுங்கள்.

சித்தி: சாவி கிடைத்துவிட்டது. என் தையல் டப்பாவில் இருந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

பாபு: 😄

சின்ன மாமா: அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். யார் வருகிறார்கள், எதற்கு என்று கேட்கிறார்.

அம்மா: அண்ணா, அப்பாவிடம் சொல்லவே இல்லையா?

பெரிய மாமா: வருகிறவர் பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன்.

சின்ன மாமா: செல்வி வேலைக்குப் போனதும் அவளுக்குத் தருவதாகச் சொன்னாராம்.

சித்தி: நாங்கள் யாரும் கேட்கவில்லை.

செல்வி: நான் தாத்தாவிடம் கேட்கவே இல்லை பெரிய மாமா. தந்தால் நன்றாக வைத்துக்கொள்வேன்.

பெரிய மாமா: இதை இங்கே எழுத வேண்டாம். ராத்திரி போனில் பேசலாம்.

பாபு: அப்போ சனிக்கிழமை கழுவுவதா வேண்டாமா?

சின்ன மாமா: வண்டி யாருக்குப் போனாலும் அதைக் கழுவி ஒழுங்காகத்தான் கொடுக்க வேண்டும். காலை ஆறரைக்கு வருகிறேன். செல்வி, உன்னிடம் வந்தால் இரண்டு விஷயம் போதும். முடிந்தவரை நிழல், இல்லையென்றால் உறை. கழுவ சாதாரண கார் ஷாம்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு வேண்டாம். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருளாமல் பட்டையில் பரவி நிற்கிறதா, கோட்டிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பச் சுத்தம் செய்து திரும்பப் போடு.

அம்மா: வரும்போது அப்பாவையும் கூட்டி வா.

பெரிய மாமா: ஞாயிறு பத்து மணியை நான் இன்னும் மாற்றவில்லை.

அம்மா: மாற்றச் சொல்லவில்லை. பேசலாம் என்றுதான்.

பாபு: டேப் இருக்கிறது, ஆல்கஹால் இல்லை. பெயின்ட் ஆளுக்கு என்ன சொல்வது அப்பா?

பெரிய மாமா: நாளைக்குச் சொல்கிறேன்.

செல்வி: சனிக்கிழமை நானும் வருகிறேன். பிரஷ் இரண்டு எடுத்து வாருங்கள் சின்ன மாமா.