47 சதவீதத்தில் டிப்ளமோ உண்டா, இல்லையா?

பென்னாகரத்தான்:
"தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள், 47 சதவீதம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எங்கள் தெருவில் முப்பது வீடுகள். பட்டம் வாங்கியவர்களை எண்ண இரண்டு கை விரல்களே போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவிலேயே தருமபுரி மாவட்டம்தான் மாநிலத்தில் கடைசி, 68.54 சதவீதம். இதில் பாதிப் பேர் பட்டதாரிகளா?

காவேரிப்பட்டணத்தார்:
எழுதியவன் நான்தான். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டுக்கு 47. மாநிலம் முன்னேறினால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

அரூர் டீச்சர்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். அந்த 47 படித்து முடித்தவர்களின் கணக்கே அல்ல. இப்போது உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களை, 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையால் வகுத்தது. நாற்பது வயதில் அஞ்சல்வழியில் சேர்ந்தவரும் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் வருவார், வகுக்கும் மக்கள்தொகையில் வரமாட்டார். ஓசூரிலிருந்து பெங்களூரு போய்ப் படிக்கும் பிள்ளை கர்நாடகக் கணக்கில் சேர்ந்துவிடும். வயது வந்தவர்களின் படிப்பை அளக்க, 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றுதான் வளர்ந்த நாடுகள் பார்க்கின்றன.

ஓசூர் டி.எம்.இ.:
டீச்சர், நான் டி.எம்.இ., மெக்கானிக்கல் டிப்ளமோ. அந்த முடித்தவர்கள் கணக்கில் டிப்ளமோ சேருமா, சேராதா? அதைச் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
சேராது. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம். பிளஸ் டூவைவிட ஒரு வருடம் கூடுதல், அவ்வளவுதான்.

ஓசூர் டி.எம்.இ.:
அவ்வளவுதானா? டிப்ளமோ முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகப் போய் உட்காருகிறானே, அது எப்படி? உயர்கல்வி முடித்தவர்களின் உலகப் பட்டியலில் கனடா முதலிடத்தில் நிற்பதற்குப் பெரிய காரணம் அங்கே கல்லூரி டிப்ளமோவையும் எண்ணுவதுதான். கனடாக்காரன் வாங்கினால் உயர்கல்வி, நான் வாங்கினால் பள்ளிக்கூடமா?

காவேரிப்பட்டணத்தார்:
கனடாவில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த பிறகுதான் அந்த டிப்ளமோ. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 'பட்டத்துக்கு இணையல்லாத தொழில்நுட்பப் பட்டயம்' என்று உங்களுக்குத் தனி வரிசைதான் கொடுத்திருக்கிறார்கள்.

ஓசூர் டி.எம்.இ.:
இப்போது வசமாக மாட்டினீர்கள். நீங்கள் தூக்கிப் பிடிக்கும் அந்த 47-ல் பாலிடெக்னிக் பிள்ளைகளும் எண்ணப்பட்டிருக்கிறார்கள், தெரியுமா? பெருமைக்கு ஆள் வேண்டும்போது நாங்கள் உள்ளே, மரியாதை கேட்டால் வெளியே. பதில் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள். அங்கே போய் உங்கள் டிப்ளமோவை நீட்டுங்கள், பார்ப்போம். மொரப்பூர் ரயில் பாதை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பிடித்ததையே பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

ஓசூர் டி.எம்.இ.:
ரயிலை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றும் நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை, இன்றும் வரவில்லை.

பென்னாகரத்தான்:
2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது தொழிற்சாலையெல்லாம் உங்கள் பக்கம் போனது. எழுத்தறிவுப் பட்டியலில் கடைசி இடம் மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. அந்தத் திமிர்தான் இப்படிப் பேச வைக்கிறது.

காவேரிப்பட்டணத்தார்:
கிருஷ்ணகிரியும் அதே கணக்கெடுப்பில் 71.46தான் ஐயா. மூன்று சதவீதத்துக்கு என்ன திமிர்? எங்கள் ஊரைப் பற்றி அளந்து பேசுங்கள்.

அரூர் டீச்சர்:
என்னிடம் பிளஸ் டூ படித்து, கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கல்யாணமாகி நின்றுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். சேர்ந்த ஆண்டுக் கணக்கில் அவர்கள் இருப்பார்கள், முடித்தவர்கள் கணக்கில் இருக்க மாட்டார்கள். இந்த இடைவெளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

ஓசூர் டி.எம்.இ.:
அது வேறு பேச்சு டீச்சர். டிப்ளமோ சேருமா, சேராதா?

பென்னாகரத்தான்:
சேராது. நூறு முறை கேட்டாலும் சேராது.

ஓசூர் டி.எம்.இ.:
என் அப்பா கறவை மாட்டை விற்றுத்தான் பாலிடெக்னிக் கட்டணம் கட்டினார். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளை டிகிரி இல்லையா?" என்று கேட்டு, காபி டம்ளரை அப்படியே உள்ளே எடுத்துப் போனார்கள். அன்று அவர் தலை குனிந்ததை நான் மறக்கவில்லை. இன்று என்னிடம் ஆறு பி.இ. பையன்கள் வேலை கற்கிறார்கள். எனக்கு இரவு ஷிஃப்ட், கிளம்புகிறேன். காலையில் வருவதற்குள் அந்த 47-ல் பாலிடெக்னிக் பிள்ளைகளைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று காவேரிப்பட்டணத்தார் கணக்குப் போட்டு வைக்கட்டும்.

காவேரிப்பட்டணத்தார்:
முதலில் உங்கள் டிப்ளமோ பத்தாவதுக்குப் பிறகா, பன்னிரண்டாவதுக்குப் பிறகா? அதைச் சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போங்கள்.