பழைய கசெட்டுகளைக் கொம்பியூட்டரில் ஏற்ற என்ன வாங்க வேண்டும்?

உப்புவெளி_மகள்:
அம்மா அப்பாவின் கல்யாணக் கசெட் ஒன்று, பெரிய விஎச்எஸ். அதோடு 2003இல் சித்தப்பா எடுத்த மினிடிவி (MiniDV) என்ற, வீடியோக் கமராவில் போடும் சின்னக் கசெட்டுகள் சில. திருகோணமலைக் கோணேசர் நகர்வலம், சுனாமிக்கு முந்தின டச்சுக்குடாக் கடற்கரை எல்லாம் அதில்தான் இருக்கிறது. வீட்டில் ஐ5 டெஸ்க்டொப், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. புது மெஷினும் கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் சரிவராது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பழைய_டெக்:
இல்லை தங்கச்சி. வீடியோவை உள்ளே எடுக்கும் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அந்தக் காசில் 1 டிபி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். அதை என்டிஎப்எஸ் (NTFS) முறையில் போர்மட் செய்யுங்கள்; எப்ஏடி32 (FAT32) என்ற பழைய முறை என்றால் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டாது.

மினிடிவி கசெட்டில் இருப்பதே டிஜிட்டல். டிவியில் செருகும் மஞ்சள் ஏவி வயரில் எடுத்தால் அதை அனலொக் ஆக்கித் திரும்ப டிஜிட்டல் ஆக்குகிறீர்கள், வீண் வேலை. கமராவை டிஜிட்டலாகவே இணைக்கும் ஃபயர்வயர் (FireWire) கார்டு ஒன்றைக் கொம்பியூட்டரில் போட்டு, சித்தப்பாவின் கமராவில் இருந்தே இறக்குங்கள். அப்படியே பிரதி வரும், ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவில்.

விஎச்எஸ்ஸுக்கு கசெட் ஓட்டும் நல்ல டெக்கும், படத்தைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கும் யுஎஸ்பி கப்சர் குச்சி ஒன்றும் போதும். ஏவி வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை மட்டும் வாங்க வேண்டாம். அது படத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பெருப்பித்து விடும், பிறகு திருத்த முடியாது. நம் நாட்டு டிவி பால் (PAL) முறை, ஆகவே படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம். வேர்ச்சுவல்டப் (VirtualDub) என்ற மென்பொருளில், தரம் குறையாமல் சேமிக்கும் ஹப்யுவ் (Huffyuv) கோடெக்கோடு எடுங்கள். மணிக்கு 30 ஜிபி போல பிடிக்கும், பயப்படாதீர்கள், பிறகு சுருக்கலாம். கோடு கோடாகத் தெரிந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒரு பிரேமை ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாகப் பதியும் முறை. மூலப் பிரதியில் கை வைக்காமல், எம்பி4 ஆக்கும்போது ஹான்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் நீக்குங்கள்.

ஓர்ஸ்ஹில்_தம்பி:
அண்ணா சொன்னது சரி. எடுக்கும்போது வைஃபையை நிறுத்துங்கள், அப்டேட் ஓடினால் இடையில் பிரேம் விடுபடும். யுபிஎஸ் இருந்தால் நல்லது. கரண்ட் போனால் அந்தப் பைல் பெரும்பாலும் திறக்காது.

உப்புவெளி_மகள்:
நன்றி. கல்யாணக் கசெட்டின் சுருளில் வெள்ளையாகத் தூள் மாதிரி இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

பழைய_டெக்:
போடவே வேண்டாம்! அது பூஞ்சணம். கடற்கரை வீட்டில், அதுவும் மார்கழி மழை ஈரத்தில், வராமல் இருந்தால்தான் அதிசயம். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்றக் கசெட்டுகளுக்கும் பரவும், நாடாவும் கிழியலாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தனியாக வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். காய்ந்த பிறகு, கழித்துவிடக்கூடிய பழைய டெக் ஒன்றில்தான் துடைத்து ஓட்ட வேண்டும். அதுவரை மினிடிவியைத் தொடங்குங்கள். கமராவின் சார்ஜர் இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் முதலில் கேளுங்கள், அதுதான் எப்போதும் தொலைவது.